டோ ரேட்டிங்கை ஓரமா வைங்க, முதல்ல டிரைவர் கதவு ஸ்டிக்கரைப் பாருங்க

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க வீட்ல அஞ்சு பேர். நான், வீட்டுக்காரர், பெரியவனுக்கு 14 வயசு, பொண்ணுக்கு 11, சின்னவனுக்கு 6. பெரிய லீவு வந்தா அத்தையும் கூட வருவாங்க. எங்க வண்டி மூணு வரிசை சீட் எஸ்யூவி, 2268 கிலோ இழுக்கும்னு புரோஷர்ல போட்டிருக்கு. ஏழு மீட்டர் நீளத்துல பங்க் பெட் எல்லாம் வச்ச ஒரு கேம்பர் ட்ரெய்லர் (வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போய் உள்ளயே தங்கற டைப்) பாத்து வச்சிருக்கோம், வெறும் எடை 1900 கிலோ. "உங்க வண்டி 2268 இழுக்கும், இது 1900 தான், இன்னும் 368 கிலோ மிச்சம் இருக்கு, தைரியமா எடுங்க"ன்னு விக்கிறவர் சொல்றார். வீட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எனக்குத்தான் மனசு ஒப்பல, ஆனா ஏன்னு சொல்லத் தெரியல. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டா எல்லாம் சரியாயிடும்னும் சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்:

வணக்கம்மா. முதல்ல நேரா பதிலைச் சொல்லிடறேன், அந்த ட்ரெய்லர் உங்க வண்டிக்கு ஒத்து வராது, கையெழுத்துப் போட்டுடாதீங்க. உங்க மனசு ஒப்பாததுக்குக் காரணம் இருக்கு, அதைக் கணக்காவே போட்டுக் காட்டறேன், வீட்டுக்காரரும் பக்கத்துல உக்காந்து படிக்கட்டும். இருபது வருஷத்துக்கு மேல ட்ரெய்லரை வண்டியோட கோக்கற ஹிட்ச் மாட்டறது, ட்ரெய்லர் பிரேக்கை டிரைவர் சீட்ல இருந்தே இயக்கற பிரேக் கன்ட்ரோலர் போடறது, ட்ரெய்லர் செட் பண்ணிக் குடுக்கறதுதான் என் வேலை, என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் வாங்கி முடிச்சிட்டு "வண்டி பின்னாடி உக்காந்துக்குது, ஏதாவது பண்ணுங்க"ன்னு வர்றவங்கதான், நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அதுல எனக்கு உண்மையிலயே சந்தோஷம்.

விக்கிறவர் பொய் சொல்லலைம்மா. 2268ல 1900 போனா 368 தான். ஆனா அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவே கூடாது, ஏன்னா ஒண்ணு உள்ள ஒரு ஸ்பூன் கூட இல்லாத ட்ரெய்லரோட எடை, இன்னொண்ணு கிட்டத்தட்ட காலியா இருக்கிற வண்டியோட இழுவை சக்தி. 2268ங்கறது 5000 பவுண்டு. அமெரிக்காவுல கார் கம்பெனிகள் இந்த நம்பரை எடுக்க ஜே2807ன்னு எஸ்ஏஇங்கற வண்டி இன்ஜினியர்கள் சங்கத்தோட ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அரிசோனாவுல டேவிஸ் டேம் பக்கத்துல இருக்கிற நீளமான ஏத்தத்தை அளவுகோலா வச்சு, நல்ல வெயில்ல, ஏசியை ஃபுல்லா போட்டு வண்டி ஏறுதான்னு பாப்பாங்க. கஷ்டமான டெஸ்ட்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல வண்டிக்குள்ள எத்தனை பேர்னு கணக்கு வச்சிருக்காங்க தெரியுமா? ரெண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. உங்க வீட்ல அஞ்சு பேரு, சில சமயம் ஆறு. மூணாவது ஆள் ஏறின நிமிஷத்துல இருந்தே அந்த 2268 குறைய ஆரம்பிச்சிருது. அதுவும் அந்த 2268 டோ பேக்கேஜோட வந்த வண்டிக்கு மட்டும்தானான்னு மேனுவல்ல ஒரு தடவை பாத்துக்கோங்க, கூடுதல் கூலர் இல்லாத அதே மாடலுக்கு நம்பர் நிறைய கம்மியா இருக்கும்.

அதனாலதான் நான் டோ ரேட்டிங்ல இருந்து, அதாவது புரோஷர்ல போட்டிருக்கிற அந்த இழுவை நம்பர்ல இருந்து, ஆரம்பிக்கறதே இல்ல. உங்ககிட்ட டிரைவர் கதவைத் திறந்து அந்தத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன் இல்லையா, நீங்க அனுப்பினதுல ஆட்களும் சாமானும் சேர்த்து 580 கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. அதுதான் பேலோட். அந்த மாடலுக்குப் பொதுவா போட்ட நம்பர் இல்ல, உங்க வண்டி ஃபேக்டரிய விட்டு வெளிய வரும்போது அதுல என்னென்ன இருந்துச்சோ அதுக்குன்னே போட்டது. சன்ரூஃப், பெரிய வீல், லெதர் சீட்டுன்னு டாப் மாடலா எடுத்திருந்தா அந்த எடையெல்லாம் ஏற்கனவே கழிஞ்சிருக்கும், அதனால பக்கத்து வீட்டுக்காரர் அதே வண்டியில எவ்வளவு இழுக்கறார்ங்கறது உங்களுக்கு உதவாது. இந்த மாதிரி ஸ்டிக்கர் இல்லாத ஊரா இருந்தா வண்டி பேப்பர்ல இருக்கிற அனுமதிச்ச மொத்த எடையில இருந்து வண்டியோட சொந்த எடையைக் கழிச்சா கிட்டத்தட்ட அதே நம்பர் கிடைக்கும், ஆனா அந்த சொந்த எடையில டிரைவருக்குன்னு 75 கிலோ சேர்த்திருக்காங்களா இல்லையான்னு மட்டும் பாருங்க, சில இடத்துல சேர்த்திருப்பாங்க.

இப்ப உங்க குடும்பத்தை ஏத்துவோம். நீங்க எழுதி அனுப்பின எடைப்படி அவர் 82, நீங்க 65, பெரியவன் 50, பொண்ணு 36, சின்னவன் 20, மொத்தம் 253 கிலோ. சின்னவனோட சீட்டு, பைங்க, ஐஸ் பாக்ஸ், ஆளாளுக்கு ஒரு போர்வை, வழியில திங்க குடிக்கன்னு காருக்குள்ள வர்றது எப்படியும் 60 கிலோ (கம்மின்னு நினைக்கறவங்க ஒரு தடவை எல்லாத்தையும் எடை போட்டுப் பாத்தா அசந்து போவாங்க). ஹிட்ச் ரிசீவர் (ஹிட்ச்சைச் சொருகற இரும்புச் சட்டம்) வண்டி வாங்கினப்புறம் தனியா மாட்டினதுன்னு சொன்னீங்க, அது ஸ்டிக்கர்ல கழிஞ்சிருக்காது, 20 கிலோ. ஆக 333 போச்சு, 580ல மிச்சம் 247. அத்தை வந்தா இன்னொரு 60, அப்ப மிச்சம் 187. இந்த 187ஐ மனசுல வச்சுக்கோங்க, மீதிக் கதையெல்லாம் இதுலதான் இருக்கு.

அடுத்தது ட்ரெய்லர். வெறும் எடை 1900ன்னா அது ஃபேக்டரி வாசல்ல நிக்கும்போது. ஏசி, சன்ஷேடுன்னு கூடுதலா போட்டு வாங்கற ஐட்டம் எல்லாம் பெரும்பாலும் அந்த நம்பர்ல வராது, அதுக்கு ஒரு 60 வைங்க. 9 கிலோ கேஸ் புடிக்கிற சிலிண்டர் ரெண்டு, சிலிண்டரோட எடையும் சேர்த்து 34. சாதா லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு 28. தண்ணி டேங்க் 120 லிட்டர், லிட்டருக்கு ஒரு கிலோ, அதுல பேரமே கிடையாது. பாத்திரம், படுக்கை, துணிமணி, சேர், டேபிள், டூல்ஸ், ஹோஸ், ஜாக்கு, பசங்க சாமான்னு அஞ்சு பேருக்கு 200 கிலோங்கறது சிக்கனமா போட்ட கணக்கு. கூட்டுங்க, 2342 கிலோ. 368 கிலோ மிச்சம் இருக்குன்னு சொன்னாரே, அது எங்க போச்சு? ரோட்டுல ஏறறதுக்கு முன்னாடியே 74 கிலோ ஓவர்.

ஆனா எனக்கு அதை விடப் பெரிய கவலை டங் வெயிட். ட்ரெய்லரோட மூக்கு உங்க ஹிட்ச் பால் (ஹிட்ச்சுல இருக்கிற இரும்புக் குண்டு) மேல எவ்வளவு அழுத்துதோ அதுதான் டங் வெயிட். இந்த மாதிரி ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். ஐரோப்பாவுல அதை விடக் கம்மியா வைப்பாங்க, அங்க ட்ரெய்லர் கட்டற விதமும் வேற, இழுக்கற ஸ்பீடும் கம்மி, அந்தக் கணக்கை இதுல கலக்காதீங்க. 2342ல 12 சதவீதம்னா 281 கிலோ. இந்த 281ஐ ட்ரெய்லரோட எடைன்னு நினைச்சா தப்பு, அது உங்க வண்டி முதுகுல உக்காந்திருக்கிற எடை, பேலோட்ல இருந்துதான் கழியும். மிச்சம் இருக்கிறதோ அத்தை இல்லாம 247, அத்தையோட 187. அதுக்கு மேல அவங்க சொல்ற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சே ஒரு 40 கிலோ இருக்கும், அதையும் சேர்த்தா 580 இருக்க வேண்டிய இடத்துல 654, அத்தை ஏறினா 714. இது போக 2268 கிலோ ரேட்டிங் உள்ள வண்டிகள்ல டங் வெயிட்டுக்குன்னு தனியா ஒரு லிமிட் இருக்கும், பெரும்பாலும் அதுல பத்துல ஒரு பங்கு, அதாவது 227 கிலோ. மேனுவல்லயும் ரிசீவர் மேல ஒட்டியிருக்கிற லேபிள்லயும் பாருங்க, ரெண்டுல எது கம்மியோ அதுதான் கணக்கு. ஆக டோ ரேட்டிங் தாண்டிருச்சு, பேலோட் தாண்டிருச்சு, டங் லிமிட்டும் தாண்டிருச்சு. உங்க மனசு ஒப்பாததுல என்ன தப்பு சொல்லுங்க.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பத்தி கேட்டிருந்தீங்க. நல்ல சாமான், நானே நூத்துக்கணக்குல மாட்டியிருக்கேன், ஆனா அது என்ன பண்ணும் என்ன பண்ணாதுன்னு தெரிஞ்சு வாங்கணும். பால் இருக்கிற இடம் பின் ஆக்ஸிலுக்குக் கிட்டத்தட்ட 1.2 மீட்டர் பின்னாடி. அங்க 250 கிலோவை வச்சா, பின் ஆக்ஸில் மேல 250 மட்டும் ஏறாது, ஏத்தம் இறைக்கிற மாதிரி பின்னாடி அமுங்க அமுங்க முன்னாடி தூக்கும். வீல் பேஸ் 2.9 மீட்டர்னு வச்சா முன் ஆக்ஸில்ல இருந்து நூறு கிலோ கிளம்பி பின்னாடி போயிடும், பின் ஆக்ஸில் மேல 350 ஏறும். ஸ்டீயரிங் லேசாயிடும், முன் பிரேக்கோட பிடி குறையும், ராத்திரி ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். அந்த ஹிட்ச்சுல இருக்கிற ஸ்பிரிங் பார் ரெண்டும் தூக்கிப்போன அந்த எடையைத் திரும்ப முன் ஆக்ஸிலுக்குக் கொண்டு வரும், கொஞ்சம் ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளும். அவ்வளவுதான். 580ஐ அது 650 ஆக்காது, 2268ஐ 2400 ஆக்காது. சில வண்டி மேனுவல்ல இதைப் போடவே கூடாதுன்னு கூட எழுதியிருக்கும், அப்படி எழுதியிருந்தா யார் என்ன சொன்னாலும் போடாதீங்க.

எடை ஓவரானா அப்படி என்ன ஆயிடும்னு வீட்டுக்காரர் கேப்பார், கேக்கணும் கூட. எல்லாரும் இன்ஜின் இழுக்குமாங்கறதையே யோசிக்கறாங்க, இன்ஜின் இழுக்கும்மா, இப்ப வர்ற இன்ஜின் எதையும் இழுக்கும் (டர்போ இல்லாத இன்ஜினா இருந்தா மட்டும் 300 மீட்டர் உயரத்துக்கு சுமார் 3 சதவீதம் பவர் குறையும், மலை ஏறறவங்க அதை ஞாபகம் வச்சுக்கணும்). நிறுத்தறதும் நேரா ஓட்டறதும்தான் பிரச்சனை. உங்க எஸ்யூவியோட சொந்த எடை 1950 கிலோ கிட்ட, பின்னாடி வரப்போறது 2342. பின்னாடி வர்றது முன்னாடி போறதை விடக் கனம். பிரிட்டன்ல புதுசா இழுக்க ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு வழிமுறை சொல்லுவாங்க, லோடு ஏத்தின ட்ரெய்லர் வண்டியோட கெர்ப் வெயிட்ல, அதாவது சொந்த எடையில, 85 சதவீதத்துக்குள்ள இருக்கட்டும்னு. அது சட்டம் இல்ல, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும்னும் சொல்ல மாட்டேன், ஆனா உங்க வண்டிக்கு அது 1650 கிட்ட வருது, நீங்க பாத்து வச்சிருக்கிறது அதுக்கு மேல எழுநூறு கிலோ.

ஒரு குடும்பம் என்கிட்ட வந்த கதையைச் சொல்றேன். 1500 கிலோ ட்ரெய்லர், வண்டிக்கு ஏத்த சைஸ்தான், எடையில குறையே இல்ல. இறக்கத்துல வரும்போது ஒரு லாரி தாண்டிப் போன காத்துல ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சு, இடம் வலம்னு மூணு நாலு தடவை பெருசா வீசி, எப்படியோ நின்னிருக்கு. யாருக்கும் அடி இல்ல. அந்தம்மா கடைக்கு வந்தப்பவும் கை நடுக்கம் நிக்கல. நான் ட்ரெய்லரைச் சுத்திப் பாத்தேன், பின் பம்பர்ல ரேக் போட்டு மூணு சைக்கிள் மாட்டியிருந்தாங்க, உள்ள கடைசி அலமாரியில டூல் பாக்ஸ். சைக்கிளும் ரேக்கும் 60 கிலோ தானேன்னு நினைச்சிருக்காங்க. ஆனா அது ஆக்ஸிலுக்கு மூணரை மீட்டர் பின்னாடி தொங்குது, அந்த ஒரு சைக்கிள் ரேக்கே மூக்கு மேல இருக்க வேண்டிய எடையில 45 கிலோவுக்கு மேல தூக்கி எடுத்திருச்சு.

அவங்க கண் முன்னாடியே அளந்து காட்டினேன், வீட்ல எடை பாக்கற மெஷின்லதான். நீங்களும் பண்ணலாம். தரையில ஒரு செங்கல்லு, அதே உயரத்துக்கு வர்ற மாதிரி எடை மெஷின், ரெண்டுக்கும் நடுவுல ஒரு தடிப் பலகை, பலகை ரெண்டு பக்கமும் ஒரு சின்ன பைப் மேல உக்காரணும். ட்ரெய்லர் மூக்கு பலகையில உக்கார்ற இடம் செங்கல் பக்க பைப்புல இருந்து ஒரு அடி, மெஷின் பக்க பைப்புல இருந்து ரெண்டு அடி இருக்கணும். ட்ரெய்லர் சமமா நிக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை மறக்காம வைங்க. மெஷின் காட்டற நம்பரை மூணால பெருக்கினா அதுதான் டங் வெயிட். அன்னிக்கு மெஷின் 30 காட்டுச்சு, அதாவது 90 கிலோ, 1500க்கு வெறும் 6 சதவீதம். சைக்கிளை வண்டி கூரைக்கு மாத்தி, டூல் பாக்ஸை முன்னாடி கொண்டு வந்து திரும்ப வச்சோம், 55 காட்டுச்சு. சைக்கிளுக்கு வண்டி பேலோட்லயும் கூரை லிமிட்லயும் இடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் மேல ஏத்தினேன், அதையும் சொல்லிடறேன்.

ஆட ஆரம்பிச்சா என்ன பண்ணணும்னு வீட்ல ஓட்டற ரெண்டு பேருமே தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுக்கணும், ஸ்டீயரிங்கை நேரா புடிச்சுக்கணும், ஆட்டத்துக்கு எதிரா திருப்பவே கூடாது, கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, பிரேக் கன்ட்ரோலர்ல இருக்கிற மேனுவல் லீவரைக் கையால தள்ளி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடணும். அது பின்னாடி இழுத்துப் புடிக்கும், நேராயிடும். அந்த லீவர் கை எட்டற இடத்துல இருக்கணும்னு நான் மாட்டும்போது டிரைவரை உக்கார வச்சுப் பாத்துத்தான் மாட்டுவேன்.

சரி, அப்ப உங்களுக்கு எதுதான் சரியா வரும்? அந்த 187ல இருந்து பின்னாடி வருவோம். அத்தையும் கூட வர்ற நாள்தான் கஷ்டமான நாள், அதுக்கு ஏத்த மாதிரி வாங்கினா மத்த நாளெல்லாம் தானா சரியாயிடும். 187 கிலோ டங் வெயிட்டுங்கறது 13 சதவீதம்னா ட்ரெய்லர் 1438 கிலோ. கொஞ்சம் மூச்சு விட இடம் வச்சு 1400ன்னு எடுத்துக்கோங்க. இது வெறும் எடை இல்ல, ட்ரெய்லர் மேல பிளேட்ல அடிச்சிருக்கிற அதிகபட்ச மொத்த எடை. கடையில போய் "வெறும் எடை எவ்வளவு"ன்னு கேக்காதீங்க, "ஃபுல் லோடு லிமிட் எவ்வளவு, அதுல எங்க சாமானுக்கு எவ்வளவு மிச்சம்"னு கேளுங்க. வெறும் எடைக்கும் லிமிட்டுக்கும் நடுவுல 350 கிலோவாவது இல்லாத ட்ரெய்லர் உங்க குடும்பத்துக்கு வேண்டாம், ஏன்னா தண்ணியும் கேஸும் ஏத்தினதுமே துணி வைக்க எடை இருக்காது.

1400க்குள்ள ஆறு பேர் படுக்கணும்னா அது பாப் அப் கேம்பர்தான், மடிச்சு வச்சு இழுத்துட்டுப் போய் அங்க கூரையைத் தூக்கி ரெண்டு பக்கமும் பெட்டை வெளிய இழுக்கற டைப். ஆயிரம் கிலோ கிட்ட வெறும் எடையில கிடைக்கும். 1350க்கு லோடு பண்ணீங்கன்னா டங் 160 கிட்ட வரும், அத்தையும் ஏறி உங்க மொத்தம் 555, ஸ்டிக்கர்ல 580, உள்ள இருக்கீங்க. இன்னொரு பெரிய லாபம் காத்து. நீங்க பாத்த ட்ரெய்லர் ஒரு சுவர் மாதிரி, உங்க வண்டியை விட அகலம், வண்டி கூரைக்கு மேல ஒரு மீட்டர் உசரம். காத்து எதிர்க்கறது ஸ்பீடோட ஸ்கொயர்ல ஏறும், 80ல இருந்து 100க்குப் போனா ஸ்பீடு கால் பங்குதான் கூடுது, காத்தோட எதிர்ப்பு பாதிக்கு மேல கூடிடும். அதனாலயே சில எஸ்யூவி மேனுவல்ல எடை லிமிட் மாதிரியே ட்ரெய்லரோட முன்பக்கப் பரப்புக்கும் ஒரு லிமிட் போட்டிருப்பாங்க, ஒருத்தரும் அந்தப் பக்கத்தைப் படிக்கறதில்ல. பாப் அப் மடிச்சா வண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்.

அதுல இருக்கிற கஷ்டத்தையும் மறைக்காம சொல்லணும். போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் வேலை இருக்கு, மழையில அந்த அரை மணி ரொம்ப நீளமா தெரியும். கேன்வாஸ் ஈரத்தோட மடிச்சு வந்தா வீட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு நாள்லயே விரிச்சுக் காய வைக்கணும், இல்லேன்னா பூஞ்சை புடிச்சு அந்த வாசனை போகவே போகாது. பக்கத்துல யார் பேசினாலும் கேக்கும். பல மாடல்ல டாய்லெட் இருக்காது, இருந்தாலும் திரைதான். ராத்திரி ரெண்டு தடவை எழுந்திரிக்கற வயசுல அத்தை இருந்தா இது சின்ன விஷயமே இல்ல.

அத்தைக்கு அது முடியாதுன்னா எனக்குத் தோணற இன்னொரு வழி, சுவர் உள்ள சின்ன ட்ரெய்லர் ஒண்ணு, அதே 1400க்குள்ள, மூணு பேர் படுக்கற மாதிரி டாய்லெட்டோட, கூட ஒரு நல்ல டென்ட். 14 வயசுப் பையனுக்கு டென்ட் குடுத்துப் பாருங்க, பங்க் பெட்டை அவன் திரும்பிக் கூடப் பாக்க மாட்டான். டென்ட்டை ட்ரெய்லருக்குள்ள ஆக்ஸிலுக்கு மேல வைங்க, பின்னாடி வைக்காதீங்க. கூரை, சுவர் உறுதியா இருந்து பெட் மட்டும் டென்ட்டா வெளிய வர்ற ஹைப்ரிட் டைப்பும் இருக்கு, எனக்கு அது பிடிக்கும், ஆனா குடும்ப சைஸ் ஹைப்ரிட் பெரும்பாலும் 1500க்கு மேல வெறும் எடையே வந்துரும், உங்களுக்கு இல்ல.

வண்டியையே மாத்திடலாம்னு வீட்டுக்காரர் சொன்னா அதுவும் நியாயமான வழிதான், அந்தப் பெரிய ட்ரெய்லர்தான் வேணும்னா வண்டிதான் மாறணும். ஆனா பிக்கப் வாங்கினா முடிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க, 4500 கிலோ இழுக்கும்னு எழுதியிருக்கிற பிக்கப்ல கூட கதவைத் திறந்தா பேலோட் 600 சொச்சம் போட்டிருக்கிறதை நான் பாத்திருக்கேன். நீங்க வாங்கப்போற அதே வண்டியோட கதவைத் திறந்து பாத்துட்டு வாங்குங்க.

எதை எடுத்தாலும் ட்ரெய்லர்ல பிரேக் இருக்கணும், எலெக்ட்ரிக்கோ ஓவர்ரன்னோ (வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னாடி தள்ளற விசையிலயே பிடிக்கிற பிரேக்). சட்டம் எந்த எடையில இருந்து கேக்குதுங்கறது ஊருக்கு ஊர் மாறும், சில வண்டி மேனுவல்ல 450 கிலோ தாண்டினாலே ட்ரெய்லர் பிரேக் வேணும்னு இருக்கு, நான் குடும்பம் ஏறப்போற எந்த வண்டிக்கும் பிரேக் இல்லாத கேம்பர் மாட்ட மாட்டேன். பிரேக்அவே ஒயர் (ட்ரெய்லர் கழண்டு போனா அதோட பிரேக்கைத் தானா போடற ஒயர்) தனியா வண்டியோட பாடியில மாட்டணும், செயின்ல சுத்தி விடக்கூடாது. பழசு வாங்கறதா இருந்தா டயர்ல பள்ளம் எவ்வளவு இருக்குன்னு பாக்காதீங்க, ஓரத்துல டாட்னு (DOT) தொடங்கற எழுத்துக் கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ட்ரெய்லர் டயர் தேயறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே வயசாகிச் சாகும், ஆறு வருஷம் தாண்டினா புதுசு போட்டுத்தான் கிளம்பணும். வீல் நட்டை முதல் 80 கிலோமீட்டர்ல நிறுத்தி ஒரு தடவை டார்க் ரென்ச் வச்சுப் பாருங்க.

வாங்கினதுக்கு அப்புறம் முதல் ட்ரிப்புக்கு எல்லா சாமானும் ஏத்தி, எல்லாரும் ஏறி, நேரா எடை மேடைக்குப் போங்க. மாட்டின நிலையில காரோட ரெண்டு ஆக்ஸிலும் மேடை மேல, ட்ரெய்லர் சக்கரம் வெளிய, ஒரு எடை. அப்புறம் ட்ரெய்லரைக் கழட்டி ஓரமா நிறுத்திட்டு கார் மட்டும் ஒரு எடை, ஆட்கள் இறங்கக் கூடாது. முதல் எடையில ரெண்டாவதைக் கழிச்சா அதுதான் டங் வெயிட். முதல் எடை கதவு ஸ்டிக்கர் பக்கத்துல போட்டிருக்கிற வண்டியோட மொத்த எடை லிமிட்டுக்குள்ள இருக்கணும். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாம கிளவ் பாக்ஸ்ல வைங்க, அடுத்த தடவை ஏதாவது புதுசா ஏத்தும்போது தேவைப்படும்.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாதிரி பாப் அப் ஒண்ணை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க, முடியலேன்னா கடையிலயாவது விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஆறு பேரும் ஒரே நேரத்துல உள்ள போங்க, கதவைச் சாத்திட்டு கால் மணி நேரம் வெளிய வராம இருங்க, மழை நாள்னா அப்படித்தான் இருக்கப் போறீங்க. டேபிளை பெட் ஆக்கி திரும்ப டேபிள் ஆக்கிப் பாருங்க, தினமும் ரெண்டு தடவை பண்ண வேண்டிய வேலை அது. அத்தையை அந்த ஓரத்து பெட்ல ஏறி, படுத்து, லைட்டை அணைச்ச மாதிரி நினைச்சுக்கிட்டு யார் கையையும் புடிக்காம இறங்கச் சொல்லுங்க. அவங்க இறங்கின விதத்தைப் பாத்துட்டு, பாப் அப்பா இல்ல சின்ன ட்ரெய்லரும் டென்ட்டுமான்னு எனக்கு எழுதுங்க, மாடல் பேரோட அந்த பிளேட் போட்டோவையும் அனுப்புங்க, எடையைச் சேர்ந்தே போட்டுப் பாத்துடலாம்.